கணக்கில் வந்த ‘பி’ யார்?

அந்தப் பெயின்டரை எல்லோரும் ‘ரெண்டு கோட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் ஒரே தடவையில் முடித்த சரித்திரம் மனிதருக்குக் கிடையாது. சுவருக்கு ரெண்டு கோட்டு அடிப்பார், சரி. பல்லையும் ரெண்டு தடவை தேய்ப்பார், பூட்டின பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். ஆனாலும் தன்னைப்போல் சுறுசுறுப்பான ஆள் உலகத்திலேயே இல்லை என்று அவருக்கு நினைப்பு. கூட வேலை செய்கிற மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, அந்த நினைப்பை இதுவரை கெடுத்ததில்லை.

கெடுத்தது மகளின் வீட்டுப்பாடம்.

“ஒரு வீட்டுக்கு ‘ஏ’ என்பவர் ஆறு நாளில் பெயின்ட் அடிப்பார். ‘பி’ என்பவர் பன்னிரண்டு நாளில் அடிப்பார். இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்?” என்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள்.

“ஏ நான்தான்” என்றார் ரெண்டு கோட்டு, டீயை ஊதிக்கொண்டே.

மச்சினன் டம்ளரைக் கீழே வைத்தான். “அப்ப பி யாரு?”

“சும்மா கணக்குதானேடா.”

“கணக்குன்னா நான் இளிச்சவாயனா? எனக்குப் பன்னெண்டு நாளா? ஒரு ஜன்னலை அடிச்சிட்டு அரை நாள் தள்ளி நின்னு ரசிக்கறது யாரு மச்சான்?”

பேச்சு வளர்ந்தது. “ரெண்டு பேரையும் கழிச்சு விட்டுடுவேன்” என்று அடுப்படியிலிருந்து மனைவி போட்ட சத்தம் யார் காதிலும் ஏறவில்லை. மச்சினன் பிரஷ்ஷையும் ரோலரையும் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். “நாளையிலிருந்து நான் தனி. என்னை ‘ஏ’ன்னு எழுதினாத்தான் உள்ள வருவேன்.”

ரெண்டு கோட்டு வாசலை எட்டிப் பார்த்தார். எந்த வீட்டிலும் அவன் மூன்று சுவரை முடித்திருப்பான், இவர் இன்னும் நாலாவது சுவரின் மூலையில் தலையைச் சாய்த்துப் பார்த்தபடி நிற்பார். தெரிந்தும் தெரியாத மாதிரியே இத்தனை வருஷத்தை ஓட்டியாயிற்று. அவன் போனால் பிழைப்பே போச்சு.

“எழுதும்மா” என்றார். “மாமா ஏ. உங்கப்பனுக்குப் பன்னெண்டு நாள்.”

“யாரு யாரா இருந்தாலும் விடை ஒண்ணுதாம்பா” என்றாள் மகள். “ஒரு நாளைக்கு மாமா ஆறில் ஒரு பங்கு, நீங்க பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆறில் ஒண்ணுங்கறது பன்னிரண்டில் ரெண்டு. கூட்டினா பன்னிரண்டில் மூணு. அதாவது ஒரு நாளைக்குக் கால் வீடு. ஆக, நாலு நாள்.”

“நாலா!” வாசலில் மச்சினன் சிரித்துவிட்டான். “இவரோட சேர்ந்து ஒரு வீட்டைக்கூட ஒம்பது நாளுக்குக் குறைஞ்சு நான் முடிச்சதில்ல.”

மகள் பென்சிலைக் கடித்தாள். “தனியா ஆறு, சேர்ந்தா ஒம்பதா? அப்புறம் உனக்கு எதுக்கு எங்கப்பா, மாமா?”

ரெண்டு கோட்டு ஆறிப்போன டீயை மறுபடியும் ஊதினார்.

மச்சினன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். “நான் ஏணி உச்சியில நிக்கறப்ப, கீழ வேற எவன் பிடிச்சாலும் எனக்குக் கால் நடுங்குதுடி.”