திரும்பாத வண்டி

இந்த ஊர் ரயிலில் யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை. நின்றாலும் நிற்பார்கள், உட்கார மாட்டார்கள். சிகாகோவுக்கு வந்த புதிதில் சட்டையை முகர்ந்துகூடப் பார்த்தேன், போங்கள்!

சென்னை சிட்லபாக்கத்தில் இருந்தவரை காலை நேர பீச் ஸ்டேஷன் வண்டியில் உட்கார எங்களுக்கு ஒரே வழிதான். நானும் மனைவி மாலதியும் சானடோரியம் ஸ்டேஷனில் எதிர்த்திசை வண்டியில் ஏறுவோம். அடுத்த ஸ்டேஷன் தாம்பரம், கடைசி. கூட்டம் இறங்கியதும் ஜன்னலோரத்தைப் பிடித்துவிட்டால் அதே வண்டி பீச்சுக்குத் திரும்பும். இதற்காகவே சீசன் டிக்கெட்டைத் தாம்பரத்திலிருந்து எடுத்திருந்தோம். இங்கே கிளம்பும்போதும் மாலதியிடம் அதைத்தான் சொன்னேன். "தாம்பரம் போற மாதிரிதான்மா. சீட்டு புடிச்சதும் திரும்பிடுவேன்."

இங்கே என் வேலை இட்டரேட்டர் எழுதுவது. தகவல் வரிசையில் ஒவ்வொன்றாக நகர்ந்து காட்டும் நிரல் அது. ஆயத்த நிரல்களின் பொது நூலகத்தில் இருந்தவை எங்கள் வரிசைக்குப் பொருந்தாததால் புதிதாக வடிவமைக்கச் சொன்னார்கள். கடைசித் தகவலைத் தாண்டினால் ஒரு காலி இடம், அதைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும் என்பது அந்த நூலகத்தின் விதி. என் கை சும்மா இருக்குமா? கடைசிக்குப் போனதும் திரும்பி வரும்படி எழுதிவிட்டேன். எல்லோர் முன்னிலையிலும் ஓட்டிக் காட்டியபோது, ஐயோ, நிற்கவே இல்லை. போவதும் வருவதுமாக ஒரே பேஜார்.

மேலதிகாரி சூசன் காரணம் கேட்டார். தாம்பரம் வண்டியை விளக்கினேன். பரிதாபமாகப் பார்த்தார்.

"தினமுமா வழி தவறுவீர்கள்? வரைபடம் கிடையாதா?"

திங்கட்கிழமைக்குள் சரிசெய்தால் வேலை நிரந்தரம், மாலதிக்கும் விசா; இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட் என்றார். சனி, ஞாயிறு யாருமில்லாத ஆபீஸில் உட்கார்ந்து, திரும்பும் வரிகளை அழித்துவிட்டு, அந்தக் காலி இடத்தில் நிற்கும்படி மாற்றினேன். திங்களன்று கச்சிதமாக நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள்.

உடனே போன் போட்டேன்.

"மாலதி, வேலை பர்மனென்ட். நீ கெளம்பி வந்துடு."



"இன்னைக்கும் சானடோரியத்துல ஏறித் தாம்பரம் போய்ட்டுத்தான் வந்தேங்க. ஜன்னல் சீட்டு கெடைச்சுது. பக்கத்துல உங்களுக்கு எடம் புடிச்சுப் பைய வெச்சுட்டேன். பல்லாவரத்துல ஒரு அம்மா கேட்டப்பதான் நீங்க இல்லேன்னு ஞாபகம் வந்துது." மூக்கை உறிஞ்சினாள். "திரும்பிடுவேன்னு சொன்னீங்களே?"

திரும்பும் வரிகளை என் கையாலேயே அல்லவா அழித்திருந்தேன்.

அன்று மாலை ரயிலில் என் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். கடைசி ஸ்டேஷன் வரை அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.