மாமனார் நிற்கும் லைன்

ரந்தாவ் ஊருக்குப் பக்கத்தில் பழைய ரப்பர் தோட்டத்துப் பள்ளமொன்றில் இருக்கிறது எங்கள் துப்பாக்கி சுடும் கிளப். எதிரே உயரமான மண்மேடு, அதைச் சுற்றிச் செம்பனை மரங்கள். சுடுகிறவர்களைக் கண்காணிக்கும் பாதுகாப்பு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு. ஆபத்து தெரிந்தால் அவர்கள் கத்த வேண்டியது ஒரே சொல்: ஸ்டாப். முன்னால் அங்கிளும் வேண்டாம், பின்னால் ப்ளீஸும் வேண்டாம். இதை நம் ஆட்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

என்னை அதிகம் படுத்தியவர் பாரோயிலிருந்து பயிற்சிக்கு வந்தவர். லோரி கம்பெனியில் வேலை, கழுகுக் கண். யாரை வேண்டுமானாலும் அதட்டுவார், ஒருவரைத் தவிர. எங்கள் கிளப்பிலேயே நன்றாகச் சுடுபவர் இவருடைய மாமனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிரில் இவர் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. மாமனார் சுடும் லைனில் நின்றால் போதும், இவர் குரல் இறங்கிவிடும்.

“மாமா… கொஞ்சம் நிறுத்துறீங்களா?”

இவர் கேட்டு முடிப்பதற்குள் குண்டு போய்விடும்.

“ஒங்க மரியாதைய வீட்டுல வெச்சிட்டு வாங்க லா!” என்று எரிந்து விழுந்தேன். “அடுத்த ஞாயிறு பரீட்ச. அன்னிக்கும் இப்படித்தான்னா சர்டிபிகேட் கெடையாது.”

தலையைக் குனிந்துகொண்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

அந்த ஞாயிறு மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி; அதைக் கண்காணிப்பதுதான் இவருக்குப் பரீட்சை. மாமனாருக்கு வயதாகிவிட்டது, இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு இல்லை என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அற்புதமாகச் சுட்டார். கடைசிக் குண்டு ஒன்றுதான் பாக்கி. பின்னால் நின்ற நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

“ஸ்டாப்!”

பள்ளமே அதிர்ந்தது. கத்தியவர் மருமகன். அவர் கை மண்மேட்டின் ஓரத்தைக் காட்டியது. மாமனாரின் விரல் விசையை விட்டு விலகியது. குண்டை வெளியே எடுத்து, ரைபிளைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

நான் போய்ப் பார்த்தேன். காலி உரச் சாக்கு. செம்பனை மட்டையில் மாட்டி, உதிரிப்பழம் பொறுக்குகிற ஆள் மாதிரியே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து சொன்னேன்.

“ஐயோ, ஒரு சாக்குக்காகவா பெரியவரோட ஆட்டத்தக் கெடுத்தாரு?” என்று யாரோ சிரித்தார்கள். மருமகன் முகம் வெளிறிப்போனது.

மாமனார் திரும்பினார். “சாக்கா ஆளான்னு சுட்டுப் பாத்தா தெரிஞ்சிக்கிறது?”

சிரிப்பு அடங்கியது. அவர் தன் இடத்துக்குப் போனார். ரைபிளைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மருமகனைப் பார்த்தார்.

“மாப்ள, லைன் ஒங்களுது. சொல்லுங்க.”

மருமகன் உத்தரவு கொடுத்தார். குரல் கரகரத்தது, ஆனால் இறங்கவில்லை. மாமனாருக்குத்தான் நிதானம் கலைந்துவிட்டது. குண்டு இலக்கு அட்டையின் ஓரத்தில் பாய்ந்தது. அணியில் இடம் போய்விட்டது.

மருமகனின் சர்டிபிகேட்டில் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே கண் கலங்கிவிட்டது, எழுத்து சரியாகத் தெரியவில்லை. மாமனார் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“நின்னது போதும். ஒக்காருங்க, மாப்ள.”

மருமகன் உட்கார்ந்தார்.