மெல்லக் கதைத்தாலும் கேட்கிற ஹேன்ட்ஃப்ரீ

காதுக்குள் அதைச் செருகியதும் முதன்முதலாக எனக்குக் கேட்டது பாட்டோ பேச்சோ அல்ல, நான் எச்சில் விழுங்கும் சத்தம். மாமாவின் ஹேன்ட்ஃப்ரீ அது. கறுப்புப் பஞ்சு மூடிகளில் அவருடைய தலை எண்ணெய் மணத்தது. வயரின் மறுமுனை எந்தப் போனிலும் செருகப்படாமல் என் மடியில் கிடந்தது. முற்றத்துக் கோழிகள் எங்கோ தூரத்துக்குப் போய்விட, இரண்டு தெரு தள்ளி ஓயாமல் இரைகிற கடலும் நின்றுவிட்டது போலிருக்க, என் தொண்டையும் பல்லும் மட்டும் பெருஞ்சத்தம் போட்டன. பத்து வயதில் எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. உள்ளே இவ்வளவு இரைச்சலை வைத்துக்கொண்டா மனிதர் எல்லாரும் நடமாடுகிறார்கள் என்று யோசித்தபடி ஒரு முறுக்கை எடுத்துக் கடித்து, அது தலைக்குள் இடிந்து விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் எங்கள் தெருவுக்கு விரலால் தொட்டு இயக்குகிற "டச் போன்" வந்து, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஹேன்ட்ஃப்ரீயும் வந்து சேர்ந்த காலம் அது. ஹெட்ஃபோன், இயர்ஃபோன் என்ற பாகுபாடெல்லாம் எங்களுக்கு அப்போது கிடையாது. காதில் மாட்டுவது எதுவானாலும் "ஹேன்ட்ஃப்ரீ". தலைக்கு மேலால் வளைந்து போனால் அது "பெரிய ஹேன்ட்ஃப்ரீ", அவ்வளவுதான். யார் காதில் எதைக் கண்டாலும் "கொஞ்சம் தாங்க, கேட்டுட்டுத் தாறன்" என்று கை நீட்டுகிற பிள்ளையாக நான் இருந்தேன். ஊரார் காது அழுக்கெல்லாம் உன் காதில்தான் என்று உம்மா திட்டுவார். திட்டட்டும். ஒரே கடையில் தொங்கும் ஒரே மாதிரிப் பொருளில் ஆளுக்கொன்றைத் தேடி ஏன் வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

மாமா என்றால் உம்மாவின் தம்பி, அப்போது கல்யாணம் ஆகாதவர். அவருக்கு "பேஸ்" வேண்டும். நெஞ்சு அதிராவிட்டால் அது பாட்டே இல்லை. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வாங்கி வந்த அன்றே ஒரு பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு காது எனக்கு, மத்தக் காது ரோட்டுக்கு" என்றார். பக்கத்து வளவில் குர்ஆன் மனனம் செய்துகொண்டிருந்த, நான் ராத்தா என்று கூப்பிடும் அக்காவுக்கோ பேஸ் என்ற பேச்சே ஆகாது. ஓதுவதில் தேர்ந்த காரீ ஓதும்போது "ஸீன்" வேறு "ஸாத்" வேறு என்று துலக்கமாகக் கேட்க வேண்டும், அடி அதிர்ந்தால் எழுத்தெல்லாம் குழைந்துவிடும் என்பார். அவருடையதை மாட்டிப் பார்த்தேன். உண்மைதான்; ஓதுகிறவர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. ஆளுடைய தேவை எதுவோ அதற்குத்தான் காது கேட்கிறது போலும் என்று எனக்கு நானே ஒரு முடிவுக்கு வந்து பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இந்தக் கணக்குக்குள் அடங்காமல் இருந்தவர் உம்மா ஒருவர்தான். அவர் பாட்டுக் கேட்பவரல்ல. நாள் முழுக்கத் தையல் மெசினில் குனிந்திருந்து அபாயா தைப்பார். ஆனால் அவருடைய போனில் ஒரு கோளாறு இருந்தது. வாப்பா கத்தாரிலிருந்து ஊர் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய அந்த டச் போன் ஒரு நாள் தண்ணீர் வாளிக்குள் விழுந்து எழுந்ததிலிருந்து, காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். திருத்துகிற இடத்தில் ஒரு கிழமைக்கு வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஏழு நாள் போனை விட்டுவிட்டு வாப்பாவின் போன் கோல் வந்தால் என்ன செய்வது என்று உம்மா அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

அதனால் எங்கள் வீட்டில் வாப்பாவின் குரல் பொதுச் சொத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அங்கே ஜும்ஆத் தொழுகை முடிகிற நேரம் இங்கே மாலை அஸருக்குக் கிட்டவாகிவிடும். அப்போது கோல் வரும். சாப்பாட்டு மேசையின் நடுவில் போனை வைத்து எல்லாரும் சுற்றி உட்காருவோம். முதலில் மூத்தாப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, சலாம் சொல்லிவிட்டு சீமெந்து விலையைத் தொடங்குவார். பிறகு மாமா. பிறகு என் பள்ளிக்கூடப் புள்ளிகள். கடைசியாக உம்மாவின் முறை வரும்போது டேட்டா முடிகிற நேரமாகியிருக்கும். சபையில் பேசுகிறவர் போல உரத்த குரலில், "சாப்பிட்டீங்களா? உடம்பப் பார்த்துக்கங்க" என்பார். அதோடு கோல் முடிந்துவிடும். குடும்பக் கதைக்கு ஒளிப்பு மறைப்பு எதற்கு என்பது மூத்தாப்பாவின் கட்சி. அந்தப் போன் பழுதானதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம் என்றே நினைக்கிறேன்.

சீமெந்துக் கதை எனக்கான வீட்டைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். நாங்கள் இருந்த வீடு மூத்தாப்பா உம்மாவுக்குக் கொடுத்தது. "பொம்புளப் புள்ள பொறந்த அண்டைக்கே அத்திவாரம் வெட்டணும்" என்று அவர் அடிக்கடி சொல்வார். பின்வளவில் அத்திவாரம் போட்டும் ஆகிவிட்டது. அது எழும்பி முடியும்வரை வாப்பா வெளிநாட்டில்தான் என்பது யாரும் வாய் திறந்து சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நானோ மேல்மாடியில் கடல் பார்க்கிற ஒரு ஜன்னல் வேண்டும் என்று ஸ்பீக்கரில் கேட்டு, வாப்பாவிடம் "இன்ஷா அல்லாஹ்" வாங்கி வைத்திருந்தேன். அந்த ஜன்னலைப் பற்றிக் கேட்காத சிநேகிதிகள் என் வகுப்பில் இல்லை.

ஒரு நாள் உம்மா மெசினை மூடிவிட்டு, தைத்த காசைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "வா மகள், கல்முனைக்குப் போயிட்டு வருவம்" என்றார்.

பஸார் வீதியில் அந்தக் கடை ஒரு சுவர் முழுக்க ஹேன்ட்ஃப்ரீயாகத் தொங்கியது. முன்னால் பொலித்தீன் பையில் மலிவானவை, நடுவில் அட்டையில் குத்தியவை, கண்ணாடி அலுமாரிக்குள் பெட்டியோடு விலை கூடியவை. பையைப் பிரித்தால் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் கேட்டுப் பார்ப்பதற்கென்றே பிரித்த சிலதைக் கடைக்காரர் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். உம்மாவைக் கண்டதும் ஒன்றை எடுத்து, "இதக் கேட்டுப் பாருங்க தங்கச்சி, பேஸ் சும்மா இடிக்கும்" என்றார்.

"எனக்கு இடிக்கத் தேவல்ல காக்கா," என்று உம்மா அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னார். "மெல்லமாக் கதைச்சா மத்தப் பக்கத்துக்குக் கேக்கணும். அப்பிடி ஒண்டு இருக்கா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "எல்லாரும் தங்கட காதுக்கு நல்லதக் கேட்டுத்தான் வருவாங்க. நீங்கதான் மத்த ஆள்ர காதுக்குக் கேக்குறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பேருடைய ஹேன்ட்ஃப்ரீயைப் பிடுங்கிப் பார்த்தும், வயரில் பயறு மாதிரித் தொங்கும் அந்தச் சின்ன மைக்கை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. அதைச் சோதிப்பது எப்படி? கடைக்காரரே வழி சொன்னார். தன் போனை என் கையில் தந்து, ரோட்டில் போய் நிற்கச் சொன்னார். உம்மா கடைக்குள்ளிருந்து அதற்குக் கோல் எடுத்துக் கதைக்க வேண்டும். கேட்டால் நான் கை காட்ட வேண்டும்.

நான் வெளியே வந்து நின்றேன். "அக்கரைப்பற்று, அக்கரைப்பற்று" என்று ஒரு பஸ் கூவிக்கொண்டு நின்றது. முதலாவது, ஆணியில் தொங்கிய மலிவானது. உம்மாவின் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல வந்தது. நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். இரண்டாவது மாமா ரகம், விலையும் கொஞ்சம் ஏறத்தான். அதில் குரலை விடச் சரசரப்புத்தான் கேட்டது. கடைக்காரர் எட்டிப் பார்த்துக் காரணத்தைப் பிடித்துவிட்டார்: மைக் உம்மாவின் முக்காட்டுக்குள் மாட்டிக்கொண்டு துணியில் உரசுகிறது. மைக் கொஞ்சம் கீழே தள்ளி, முக்காட்டுக்கு வெளியே வந்து தொங்குகிற மாதிரி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நடு விலை. பார்வைக்கு ஒன்றுமேயில்லை; தட்டை வயர், சாம்பல் நிறம். பாட்டுக்கு உதவாது, தகரம் மாதிரி இருக்கும் என்று அவரே சொல்லிவிட்டார்.

அதை மாட்டிக்கொண்டு உம்மா கடைக்காரருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கடைக் கண்ணாடிக்கு அப்பால் அவர் உதடு அசைந்ததே தெரியவில்லை. ஆனால் பஸ்காரனின் கூச்சலுக்கு நடுவே, என் காதுக்குள் அவர் வந்து நிற்பது போலக் கேட்டது.

"இஞ்ச பாருங்க. எனக்கு வீடு வேணாம். புள்ளைக்கும் இப்ப வேணாம். நீங்க வந்திருங்க."

சோதிப்பதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாரா, அல்லது வாப்பாவிடம் சொல்வதற்காக ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது கோபம். என் வீட்டை வேண்டாம் என்று சொல்ல இவர் யார்? என் ஜன்னல்? பிறகுதான், உம்மா யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை என்பது உறைத்தது. பயமாக இருந்தது. கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனேன்.

கடைக்காரர் லேசில் விடுகிறவராக இல்லை. "சும்மா கை காட்டப்படாது. உம்மா என்ன சொன்னா? சொல்லு பாப்பம்."

உம்மாவின் முகம் வெளுத்துப் போனது. "சலாம் சொன்னா," என்றேன். உம்மா என்னையே பார்த்துக்கொண்டு கைப்பையைத் திறந்தார். வீடு வந்து சேரும்வரை என் கையை விடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சபையின் முறைகள் எல்லாம் முடிந்ததும், உம்மா ஹேன்ட்ஃப்ரீயைச் செருகினார். "நாங்க என்ன பிறத்தியாக்களா?" என்று மூத்தாப்பா கேட்டார். உம்மா எழும்பித் தையல் மெசினடிக்குப் போய்விட்டார். வெட்டுத்துணி பொறுக்குகிற சாக்கில் நானும் பின்னால் போய்க் காலடியில் உட்கார்ந்தேன். பாதிக் கதையைக் கேட்பது போல ஒரு வேதனை உலகத்தில் கிடையாது. "ம்." "ஓம்." "ஓமோம்." பிறகு ஒரு சிரிப்பு. வாப்பா என்னதான் சொன்னார்? கடையில் கேட்ட அந்த வார்த்தை வருமா வருமா என்று வெள்ளிக்கு வெள்ளி காத்திருந்தேன். அது வரவே இல்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் உம்மாவின் மடியில் தலையை வைத்து அண்ணாந்து பார்த்தேன். அவர் ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைத்தார். யாரும் பேசவில்லை. டக், டக் என்று பலகையில் கத்தி விழும் சத்தம். எண்ணெயில் எதுவோ பொரியும் சத்தம். வாப்பா அங்கே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். இங்கே உம்மா பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து சும்மா இருந்தார்கள். வாப்பா இடையில் மூக்கை உறிஞ்சியபோது உம்மா, "வெங்காயம் காரமா?" என்றார். "ஓம்" என்றது வாப்பாவின் குரல். இதற்குத்தானா இத்தனை மறைப்பு என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் காதிலிருந்து அதை எடுக்க மனம் வரவில்லை.

அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் வாரம் வாப்பா வந்து இறங்கினார். திரும்பிப் போகவில்லை. உம்மா அந்த வார்த்தையை அவரிடம் சொன்னாரா, சொல்லாமலே அவர் வந்தாரா என்று இருவரிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார். மூத்தாப்பா கொஞ்சக் காலம் வாப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்வளவு அத்திவாரத்தில் புல் முளைத்தது, ஆடுகள் ஏறி நின்றன. வாப்பா ஊரில் வயரிங் வேலைக்குப் போய் வந்தார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு மோட்டார்சைக்கிளில் ஏற்றிப் போனார். கணக்குப் பாடத்தில் என்னோடு சேர்ந்து அவரும் பிழை விட்டார்.

இப்போது நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காதில் வயர் கிடையாது; வெளியுலகச் சத்தத்தைத் தானே அழித்துவிடுகிற வகையெல்லாம் வந்துவிட்டது. பஸாரில் அந்தக் கடை போன் கவர்கள் மட்டும் விற்கிறது. தட்டை வயர் ஹேன்ட்ஃப்ரீ முனை அறுந்து, சுற்றிய டேப்பும் விட்டு, எப்போதோ குப்பைக்குப் போனது. வெள்ளிக்கிழமைச் சபை இல்லை. மூத்தாப்பாவும் இல்லை.

போன மாதம் எனக்கு ஒரு சம்மந்தம் பேச வந்தார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மெதுவாகத் தொடங்கினார். வழக்கமாகச் சம்மந்தங்கள் வந்து திரும்பிப் போகிற இடம் அது. "புள்ளைக்கு வீடு...?"

"வீடு கட்டல்ல," என்றார் வாப்பா. "அத்திவாரத்தோட நிக்கிது."

"அப்ப புள்ளைக்கெண்டு என்னதான் வெச்சிருக்கீங்க?"

வாப்பா யோசித்தார். அவர் கூச்சப்படுவார், சமாளிப்பார் என்று நினைத்து உள் அறைத் திரைக்கு இன்னும் கிட்டப் போய் நின்றேன்.

"அவ வளந்த காலமெல்லாம் நான் கூட இருந்திருக்கன்," என்றார்.

பெரியவர் கோப்பையை வைத்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எழும்பினார்கள். எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பையனின் படம் எனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் இன்னும் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போதே உம்மா திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"நல்லாச் சொன்னீங்க," என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.