அளக்காமல் விட்ட மூட்டை

வெள்ளைத்தாய்க்கு நாற்பத்தாறு வயது. அதில் இருபத்தெட்டு வருஷம் பயராபீஸில் போய்விட்டது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிற வேலை. அங்கே அவள் நன்றாகக் கற்றுக்கொண்டது இரண்டு. ஒன்று, சக்கரம் சுற்றுவது. இன்னொன்று, எழுந்து போய் ஒளிந்துகொள்வது.

ஒவ்வொரு ரூம் வாசலிலும் சட்டப்படி எழுதிப் போட்டிருப்பார்கள்: ரூம் நம்பர், வெடிமருந்து இத்தனை கிலோ, ஆட்கள் நான்கு. சீசன் நேரத்தில் உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். செக்கிங் என்று கேட்டிலிருந்து போன் வந்ததும் போர்மேன் கையை ஆட்டுவார். நாலு பேர் போக மிச்சப் பேர் பின்பக்கம் புளியமரத்தடிக்குப் போய்விட வேண்டும். அதிகாரி வருவார், தலையை எண்ணுவார், போர்டைப் பார்ப்பார், இரண்டும் ஒத்துப்போகும், கையெழுத்துப் போடுவார். கார் போன புழுதி அடங்குவதற்குள் பத்துப் பேரும் பழைய இடத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பார்கள். இப்படி எத்தனை தடவை என்று கேட்டால் அவளுக்கே கணக்குத் தெரியாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அப்படி ஒரு கையெழுத்து விழுந்த நாலாம் நாள் பக்கத்து ரூம் வெடித்தது. போர்டில் நாலு. உள்ளேயிருந்து எடுத்த உடல் ஒன்பது. அதில் ஒன்று வெள்ளைத்தாயின் கூடப்பிறந்த தங்கை பஞ்சம்மாள். விசாரணைக்கு வந்தவர், “செக்கிங் அன்னைக்கு அந்த ரூம்ல எத்தனை பேரும்மா?” என்று கேட்டார். பின்னால் போர்மேன் நின்றிருந்தார். “நாலு பேருதான்யா,” என்றாள் வெள்ளைத்தாய். தங்கையும் தானும் அன்றைக்குப் புளியமரத்தடியில் ஒரே மாங்காயைக் கடித்துத் தின்றதை அவள் சொல்லவில்லை. அந்தப் பொய்யை இன்றுவரை அவளால் மன்னிக்க முடியவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு கதை. ஆனால் இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் அவளை நீங்கள் வீம்புக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

அவள் ஊர் கருப்பூரணி. அங்கே கண்ணுச்சாமி பழைய இரும்புக் கடை வைத்திருந்தான். போன வருஷம் மாசியில், மூடிப்போன ஏதோ ஒரு ஆலையிலிருந்து வந்த லோடில் ஒரு கனமான ஈயக் குடுவை கிடந்தது. ஆலைத் தொட்டிக்குள் சரக்கு எவ்வளவு இருக்கிறதென்று கதிர் விட்டுப் பார்க்கிற கருவியாம் அது. கண்ணுச்சாமிக்கு எங்கே தெரியும்? ஈயத்துக்கு நல்ல விலை என்பதுதான் தெரியும். சுத்தியலால் அடித்துப் பிரித்தான். உள்ளே இருந்த குமிழ் உடைந்து, சுற்றிக் கிடந்த சரக்கின் மேல் பொடி கொட்டியது. பத்தே நாளில் அவன் கை வெந்து, வாந்தியோடு சென்னைக்குக் கொண்டு போனார்கள். டாக்டர்கள் விசாரித்த பிறகுதான் அது அணுக்கதிர் என்று தெரிந்தது.

“ஆபீசர்க வாராக” என்று மறுநாள் காலையில் ஊருக்குள் பேச்சு வந்ததும் நடந்ததுதான் தப்பு. வேறு ஊராக இருந்தால் சனங்கள் ஓடியிருப்பார்கள். கருப்பூரணியில் வீட்டுக்கு ஒருத்தர் பயராபீஸ் ஆள். ஆபீசர் என்றால் ஒளிக்க வேண்டும் என்று கைகாலே பழகியிருந்தது. கண்ணுச்சாமியின் பெண்டாட்டி கற்பகவல்லி அழுதுகொண்டே வந்தாள்.

“மதினி, பில் இல்லாத சரக்கு ஒரு மூட்டை கெடக்கு. புருசன் ஆஸ்பத்திரியில, கேஸும் போட்டாகன்னா நான் என்ன செய்வேன்? ஒங்க மோட்டார் ரூம்ல வச்சுக்கிடுதீகளா?”

வெள்ளைத்தாய் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டு பேருமாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், வற்றிப்போன கிணற்றடியில் கதவில்லாத மோட்டார் ரூமில் போட்டார்கள். கற்பகவல்லி அன்றைக்கே சென்னைக்குப் புறப்பட்டாள். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்து கடையைச் சுற்றிக் கயிறு கட்டி, குடுவையையும் மண்ணையும் சுரண்டி எடுத்துப் போனார்கள். காட்டிய இடத்தையெல்லாம் அளந்தார்கள். மோட்டார் ரூமை யாரும் காட்டவில்லை. பழைய இரும்புதானே என்று வெள்ளைத்தாயும் மறந்துபோனாள்.

அதற்குப் பிறகு ஊர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பால் சொசைட்டி கருப்பூரணிப் பாலைத் திருப்பி அனுப்பியது. வெள்ளைத்தாயின் இரண்டு மாட்டுப் பாலும் சாக்கடையில் போனது. பஸ் ஊருக்குள் வராமல் விலக்கிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போனது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கோயிலில் பொங்கல் வைத்தபோது, எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் ஊர் ஆட்கள் மல்லாங்கிணறு என்று புளுகினார்கள். வெள்ளைத்தாய் மட்டும், “கருப்பூரணி,” என்றாள். பக்கத்து அடுப்புக்காரி பானையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். “நல்லா தள்ளிப் போத்தா, எனக்கும் எடம் காணல,” என்று சொல்லிவிட்டு வெள்ளைத்தாய் விறகைத் தள்ளினாள்.

ஊரே ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தது. கருப்பூரணியில் அபாயமில்லை என்று சர்க்கார் எழுதித் தரும் சான்றிதழ். அது வந்தால் சொசைட்டியில் மறுபடி பால் எடுப்பார்கள். புரட்டாசி பத்தாம் தேதி பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம், அங்கே வைத்துத் தருகிறார்கள் என்று தண்டோரா போட்டாயிற்று.

அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளுடைய செவலை ஆட்டுக்கு வயிற்றில் முடி கொட்டிப் புண் வந்தது. எங்கே போய்ப் படுக்கிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்தாள். நேராக மோட்டார் ரூமுக்குள் போய் அந்த மூட்டை மேல் ஏறிப் படுத்தது. அது எந்தக் கடையிலிருந்து வந்த மூட்டை என்று வெள்ளைத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. ஆட்டை வெளியே இழுத்துக் கட்டிவிட்டு, வாசலில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தாள்.

பஞ்சாயத்துத் தலைவர் ராஜபாண்டியன் அவளுக்கு மாமா முறை. அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஏத்தா, ஏழு மாசமா ஊரு செத்துக் கெடக்கு. காயிதம் கைக்கு வரட்டும். வந்த மறுநா மூட்டைய அந்தக் கெணத்துலயே தள்ளி மண்ண மூடிருவோம்.”

“பொறவு அந்தக் கெணத்துல தண்ணி ஊறுனா?”

“அது அன்னைக்குப் பாத்துக்கிடலாம்.”

“அன்னைக்கும் இப்படித்தான மாமா சொன்னாக, பஞ்சம்மா ரூம்ல.”

ராஜபாண்டியன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

பத்தாம் தேதி மைதானம் நிறைந்திருந்தது. மாசியில் வந்து அளந்த அதிகாரி பிரீத்திகா என்ற சின்ன வயசுப் பெண். பக்கத்து நாற்காலியில் அவளுடைய அளக்கிற கருவி இருந்தது. மைக்கைப் பிடித்து, “கருப்பூரணி முழுவதும் ஆய்வு செய்யப்பட்டது,” என்று வாசிக்க ஆரம்பித்தாள்.

“முழுசும் செய்யல,” என்று குரல் வந்தது. வெள்ளைத்தாய் எழுந்து நின்றிருந்தாள்.

“என் மோட்டார் ரூம்ல ஒரு மூட்டை இருக்கு. நானும் கற்பகவல்லியும் ஒளிச்சு வச்சது. அத நீங்க அளக்கல.”

கூட்டம் கத்தியது. உட்காரச் சொன்னார்கள், இழுத்துப் போடச் சொன்னார்கள், கைக்கு வந்த காகிதத்தைக் கெடுக்கிறாள் என்றார்கள். வெள்ளைத்தாய் உட்காரவில்லை. பிரீத்திகாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஏம்மா, இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?”

“ஆபீசருன்னா ஒளிக்கணும்னுதான் எங்களுக்குப் பழக்கம் தாயி. அது என் தப்பு, ஒத்துக்கிடுதேன். நீங்களும் காட்டுன எடத்த மட்டும் அளந்துட்டு, முழுசும்னு எழுதிட்டீகல்ல? அது யாரு தப்பு?”

 பிரீத்திகா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கருவியை எடுத்துக்கொண்டு, “வழி காட்டுங்க,” என்றாள். மோட்டார் ரூமுக்கு முப்பதடி இருக்கும்போதே கருவி கத்த ஆரம்பித்தது. பின்னால் வந்த கூட்டம் அப்படியே நின்றது. 

அன்றைக்குச் சான்றிதழ் இல்லை. மூட்டையையும் மண்ணையும் எடுத்துப் போனார்கள். வெள்ளைத்தாய்க்கும் கற்பகவல்லிக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து, வருஷா வருஷம் வரச் சொன்னார்கள். ஊர் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றானதும் பயம் தெளிந்து, கோபம் திரும்பி வந்தது. தெருவில் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். அவள் சும்மா இருந்தாளா? பிரீத்திகா மாதாமாதம் வந்து அளக்கும்போது கூடவே நடந்தாள்.

“அபாயமில்லன்னு சொல்லாதீக தாயி. நம்பரச் சொல்லுங்க.”

ஊரில் அளந்த ஒன்பது இடத்திலும் கருவி காட்டிய நம்பரைத் தேதியோடு, ஊர் முகப்பில் இருந்த தன் வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் எழுதினாள். முதல் மாதம் மோட்டார் ரூம் பக்கம் நம்பர் இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்கு. அதையும் எழுதினாள். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ சுண்ணாம்பு அடித்து அழித்தார்கள். காலையில் அதே இடத்தில், இன்னும் பெரிதாக எழுதினாள்.

பங்குனியில் சான்றிதழ் வந்தது. சொசைட்டிச் செயலாளர் சீனிவாசகம் நேரில் வந்தார். ராஜபாண்டியன் நீட்டிய காகிதத்தை வாங்கிப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவருக்கு முன்னால் போய் நின்று மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

“பெரிய நம்பர எழுதுன பொம்பள சின்ன நம்பரையும் சரியாத்தான் எழுதியிருப்பா. நாளையில இருந்து கேன அனுப்புங்க,” என்றார்.

மறுநாள் எல்லா வீட்டுப் பாலும் போனது. அவளோடு பேச்சை நிறுத்தியவர்களின் பாலும்தான்.

வைகாசியில் ஒரு நாள். பயராபீஸில் ஆர்டர் நெருக்கடி, ரூமுக்குள் பத்துப் பேர். கேட்டிலிருந்து போன் வந்தது. போர்மேன் வாசலில் நின்று கையை ஆட்டினார். ஆறு பேர் போக வேண்டும். வெள்ளைத்தாய் அந்த ஆறில் ஒருத்தி. அவள் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“வெள்ளைத்தாயி, செக்கிங்.”

“காதுல விழுந்துச்சு.”

“அப்ப எந்திரி.”

“போர்டுல உள்ள ஆள மட்டும் வேலைக்கு வைங்க. நான் மரத்தடிக்குப் போகமாட்டேன்.”

“நாளைக்கு ஒனக்கு வேலை இருக்காது, பாத்துக்க.”

“சரி,” என்றாள். வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு இல்லாமல் இல்லை.  ஆனால் எழுந்திருக்கவில்லை. ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துவிட்ட நாகஜோதி, பஞ்சம்மாளின் மகள், திரும்பி வந்து பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்ற நாலு பேரும் போய்விட்டார்கள்.

அதிகாரி வந்தார். போர்டை வாசித்தார். தலையை எண்ணினார். சந்தேகத்தோடு இன்னொரு தடவை எண்ணினார்.

“நாலுன்னு போட்டிருக்கு. உள்ள எத்தனை பேரு?”

போர்மேன் வாயைத் திறப்பதற்குள் வெள்ளைத்தாய் சொல்லிவிட்டாள்.

“இங்கன ஆறு பேருய்யா. மிச்சம் நாலு பேரு புளியமரத்தடியில இருக்காக. கூப்பிடவா?”