நானாவுக்குக் கொடுத்த றப்பர் பூட்ஸ்

மாத்தளை டவுனில் எங்கள் சப்பாத்துக் கடை வாப்பா தொடங்கியது. அந்தக் காலத்தில் மழைக்கென்றால் தோல் பூட்ஸ்தான். தோட்டத்துத் துரைமார் கணுக்காலுக்கு மேலே கயிறு கட்டிப் போடுகிற வகை. வாப்பா தேன்மெழுகை எண்ணெயில் உருக்கித் தையலெல்லாம் பூசி, "தண்ணி புகாது தொர" என்று சத்தியம் செய்யாத குறையாக விற்பார். மூன்றாவது மழையில் புகுந்துவிடும். பிறகு தையலே இல்லாமல் அச்சில் வார்த்த றப்பர் பூட்ஸ் வந்தது. முழங்கால்வரை வரும் கறுப்பு வயலுக்கு, வெள்ளை மீன்கடைக்கு, கணுக்கால் அளவுக் கட்டை பூட்ஸ் வீட்டுத் தோட்டத்துக்கு. அடியைத் திருப்பிப் பார்த்தாலே போட்டவரின் நடை தெரிந்துவிடும் என்று எனக்கொரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தில் மண் விழ.

என் மூத்த சகோதரரை நானா என்றுதான் கூப்பிடுவேன். கடை அவருக்குப் பிடிக்கவில்லை. பலாபத்வலப் பக்கம் வயல் செய்தார். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீர் கால் வெடிப்பில் பட்டால் எலிக்காய்ச்சல் வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. முழங்கால் உயரக் கறுப்பு பூட்ஸ் ஒரு சோடி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நானா சிரித்தார். "பிஸ்மி சொல்லி எறங்குற மண்ணுலயாடா சப்பாத்து போடச் சொல்ற?"

"எலிக்கு அதெல்லாம் வெளங்குமா நானா? போடுங்க."

அதற்குப் பிறகு கடைக்கு வரும்போதெல்லாம் அந்த பூட்ஸோடுதான் வந்தார். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருக்கும். மனுஷன் வழிக்கு வந்துவிட்டார் என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். அடியை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. கூடப்பிறந்தவரிடம் போய் யார் அதைச் செய்வார்கள்?

போன பெரும்போக நெல் விதைப்பில் அவருக்குக் காய்ச்சல். உடம்பெல்லாம் வலி, கண் சிவப்பு. நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"வயல்ல வெறுங்காலோட நின்னாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர், எப்பவும் பூட்ஸ்தான். எங்கட கட பூட்ஸ்." நான் முந்திக்கொண்டேன்.

நானா என்னை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அப்படியென்றால் டெங்குவாக இருக்கலாம் என்று இரத்தம் சோதித்தார்கள். இரண்டு நாள் அதிலேயே போனது. மூத்திரம் நின்ற பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். எலிக்காய்ச்சல்தான் என்றார்கள். பிந்திவிட்டது.

ஜனாஸா அடக்கி ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். கணவர் மௌத்தானதால் வெளி ஆண்கள் முன் வராமல் இத்தாவில் இருந்த மதினி திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். வாசலில் அந்த பூட்ஸ் கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். உள்வளைவில் அளவு எழுதிய ஸ்டிக்கர் ஒட்டினபடியே இருந்தது. சேற்றில் ஒருநாள் இறங்கினாலே உரிந்துவிடுகிற ஸ்டிக்கர்.

"வயலுக்குக் கொண்டுபோவாரு தம்பி," என்றார் மதினி. "வரம்புல வெச்சி ஒண்ணுல போன், ஒண்ணுல தேத்தண்ணிப் போத்தல். கடைக்கி வரக்கொள்ள மட்டும் போடுவாரு. ஒங்கட மனசு நோகுமாம்."

அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யார் மேல் ஆத்திரம் என்று எனக்கே தெரியவில்லை. டாக்டருக்கு முன்னால் தம்பி வெட்கப்படக் கூடாதென்றுதான் நானா அன்று வாய் திறக்கவில்லை.