பாதியில் நின்ற டிரெய்லர்

வெள்ளம் வடிந்ததும், குருபோங்கில் எங்கள் வீட்டில் வீணாய்ப்போன சாமான்களை ஏற்றிப்போக வந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. சேறு அப்பிய பொருளைக்கூடக் கையைத் துடைத்துக்கொண்டுதான் தூக்குவார். சாமான்களை டிரெய்லரில் ஏற்றியதும், அதை இழுத்துச்செல்லும் அவருடைய பிக்கப்பில் என்னோடு அம்மாவும் பிடிவாதமாக ஏறிக்கொண்டார்.

குப்பை கொட்டும் இடத்தில், சாமான்களைச் சரித்துக் கொட்ட டிரெய்லரின் தொட்டி எழவில்லை. அதன் பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அவர் பிக்கப்பின் எஞ்சினை ஓடவிட்டு, அதன் பேட்டரியிலிருந்து தடித்த கேபிளை இழுத்து தொட்டியைத் தூக்கும் பம்பில் மாட்டினார். பொத்தானை அழுத்தியதும் தொட்டி முனகிக்கொண்டே எழுந்தது.

பாதி எழுந்தபோது, மெத்தைக்கு அடியில் ஒரு பலகையின் விளிம்பு தெரிந்தது.

“நிறுத்து தம்பி! கேரம் போர்டு!” என்று அம்மா அவரைப் பார்த்துக் கத்தினார்.

அப்பா இருந்தவரை சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவும் அவரும் அதில்தான் விளையாடுவார்கள். தோற்றவர் காப்பி கலக்க வேண்டும். பெரும்பாலும் அப்பாதான் கலக்குவார்.

“ஊறிப் போச்சும்மா. இனிமே காய் ஓடாது” என்றேன்.

“ஓடாட்டி என்னலா பாஸ், ஒங்கம்மா கேக்குறாங்க” என்று அவர் தொட்டியை இறக்கினார். தானே மேலே ஏறிப் பலகையை உருவி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை அணைத்துக்கொண்டு அழுதார்.

அவர் உடனே பொத்தானைத் தொடவில்லை.

“வேற ஏதாச்சும் இருக்கா அக்கா? மெதுவா யோசிங்க. எஞ்சின் ஓடட்டும்.”

இல்லையென்று அம்மா தலையசைத்த பிறகே தொட்டி மறுபடி எழுந்தது.

எத்தனை வீட்டுச் சாமான்களைக் கொட்டிய பிறகு, அப்படிக் கேட்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றியிருக்கும்?