வட்டப் பொட்டலமும் சதுரப் பொட்டலமும்

மல்பெரி இலைப் பொடி குடித்தே மிசாவோவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதாம், மாத்திரைகளை எல்லாம் வாய்க்காலில் கொட்டிவிட்டாளாம் என்று முடிதிருத்தும் கடைக்காரி சொன்னதாகத் தபால்காரர் சொல்லிவிட்டுப் போனார். ஃபுசாயோ கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தாள்.

அந்த இலை ஒரு காலத்தில் அவளுடையது. பல்கலைக்கழகத்தில் உணவியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, சோற்றுக்கு முன்னால் அதைக் கொடுத்தால் இரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்று எலிகளை வைத்துக் கண்டவள் அவள்தான். கட்டுரை அச்சில் வந்தபோது பேராசிரியர் இவதாரேயின் பெயர் மட்டும் இருந்தது. கடைசி வரியில், குடுவைகளைக் கழுவித் தந்த ஃபுசாயோவுக்கு நன்றி. அந்த வரியை அவள் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறாள். படிப்பைப் பாதியில் விட்டு, ஜப்பானிய மலைகளுக்கு நடுவே தன் சொந்த ஊரான இனா பள்ளத்தாக்குக்கே திரும்பினாள். பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்குத் திட்டம் போட்டே தலை நரைத்தது.

இந்த வசந்தத்தில் இவதாரே அதே ஊருக்கு வந்து இறங்கினார். ஒரு பான நிறுவனத்தின் செலவில் மனிதர்களிடம் சோதனை. சிலருக்கு வட்டம் போட்ட பொட்டலம், சிலருக்குச் சதுரம். ஒன்றில் மல்பெரி, இன்னொன்றில் அதே பச்சை நிறத்தில் வெறும் பொடி. எதில் எது என்று முடிவை அறிவிக்கும் நாள்வரை ஒருவருக்கும் தெரியாது. பொட்டலங்களை விநியோகிக்க உள்ளூர் ஆள் வேண்டும் என்றார்கள். ஃபுசாயோ தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே அப்போது தெளிவில்லை. இவதாரேயின் அருகில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்ததும் மிசாவோ தேநீரும், உப்பில் ஊறிய கீரைத்தண்டும் எடுத்து வைத்தாள்.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களாமே அக்கா?"

"யாரு, அந்தக் கடைக்காரி சொன்னாளா? அவளுக்குக் கத்திரியைவிட வாய் வேகம். கொட்டல்லாம் இல்லை. டப்பாவுல அப்படியே இருக்கு."

"இன்னைக்கே போடுங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். பொடி வேற, மருந்து வேற." சொல்லும்போதே ஃபுசாயோவின் கண், பக்கத்தில் பொட்டலங்கள் கிடந்த ஒரு தட்டில் நின்றது. "இதென்ன, வட்டமும் இருக்கு சதுரமும் இருக்கு?"

"எனக்கு வந்தது சதுரம். சப்புனு இருக்கு. பக்கத்து வீட்டு கிகுயேவுக்கு வட்டம், நல்ல கசப்பு. கசந்தாத்தானே உடம்புக்கு நல்லது? அவ பாதியைத் தட்டுல வெச்சு அனுப்பினா. வெறும் தட்டையா திருப்பிக் கொடுப்பேன்? என்னோடதுல பாதியை வெச்சேன்."

"உங்க ரெண்டு பேருக்குள்ள மட்டுமா?"

"தெரு பூராவும்தான். கிடைச்சதைத் தனியா வெச்சுக் குடிச்சா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"படிவத்துல முழுசா குடிச்சீங்களான்னு கேட்டதுக்கு ஆமான்னு எழுதினீங்களே!"

"முழுசா தீர்ந்துபோச்சுல்ல? பொய்யா அது?"

ஃபுசாயோவுக்குச் சிரிப்பு வெடித்தது. மிசாவோவும் காரணம் புரியாமலே கூடச் சிரித்தாள்.

எல்லோரும் இரண்டையும் குடித்திருக்கிறார்கள். இரு கூட்டத்துக்கும் வித்தியாசமே வராது. இப்போதே சொன்னால் இவதாரே இதை நிறுத்திவிட்டு வேறு ஊரில் புதிதாகத் தொடங்கலாம். சொல்லாவிட்டால் நிறுவனத்தார் முன்னால், பத்திரிகைக்காரர்கள் முன்னால் அவர் வெறுங்கையோடு நிற்பார். ஆனால் இலையும் அவரோடு சேர்ந்து விழும். மல்பெரியில் ஒன்றுமில்லை என்று அச்சில் ஏறிவிட்டால் அப்புறம் யார் அதைத் தொடுவார்கள்? வாழ்க்கையில் அவள் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

அந்த வாரம் இவதாரே வந்தார். பொட்டலக் கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க ஊர்க்காரங்க ரொம்ப ஒழுங்கு. நீங்களும் அப்படித்தான், அந்தக் காலத்துலயே ஒரு குடுவையைக்கூட உடைச்சதில்லையே."

"ஆமாம் சென்செய், பத்திரமாத்தான் கழுவினேன்." ஆசிரியரை அழைக்கும் அந்தப் பழைய சொல் தானாகவே வாயில் வந்தது.

"எல்லாம் நல்லா போகுதுல்ல?"

வாசலில் நிறுவனத்தின் கார் உறுமிக்கொண்டிருந்தது. உண்மை அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவர் பதிலுக்குக்கூடக் காத்திராமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அருமையா போகுது சென்செய்," என்றாள்.

முடிவு நாளன்று அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மாலையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது மேஜைமேல் கைபேசி அதிர்ந்தது. திரையில் இவதாரே. நின்றது. உடனே மறுபடியும் அடித்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும், பொட்டலங்கள் கலந்துபோய்ச் சோதனைதான் கெட்டது, இலை கெடவில்லை என்று. இலை பிழைத்துக்கொள்ளும். அவரும் பிழைத்துக்கொள்வார்.

"தவிக்கட்டும்," என்றாள் வாய்விட்டு. குரல் நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை.

ஈரக்கையைத் துடைக்காமல் நின்றாள். அதிர அதிரக் கைபேசி மேஜை விளிம்பை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.